காலிக் கோட்டையின் உண்டிச்சாலைகளும் ஊர்ச் செய்தியும்



ஒரு பழைய நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் மதில்களையும் கோயில்களையும் கல்வெட்டுக்களையும் நாடிச் செல்வது வழக்கம். அந்நகரத்து மக்கள் எங்கே இருந்து உண்டார்கள், யாரோடு இருந்து தேநீர் அருந்தினார்கள் என்பதை எவரும் அத்துணை ஆவலோடு கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பது அரிது. மதிலைக் கட்டியவன் தன் முத்திரையைக் கல்லிற் பொறித்து வைத்தான். தேநீர்க் கடை வைத்தவனோ கணக்குக் கொப்பியைக்கூட மிச்சம் வைக்காமற் போய்விட்டான். ஆயினும், ஓர் ஊர் தன்னைப்பற்றித் தானே அறிந்துகொள்ளும் இடம் எதுவென்று என்னைக் கேட்டால், அது பெரும்பாலும் உண்டிச்சாலையின் வாங்குதான் என்பேன். அவ்வாங்கில் இருப்போர் மாறும்போது அங்கே பேசப்படும் செய்தியும் மாறுகின்றது. அந்த வாங்கே அகற்றப்படும்போது என்ன நேர்கின்றது என்பதைக் காலிக் கோட்டையை முன்னிறுத்தி இன்று சிறிது விளக்கலாம் என எண்ணுகிறேன்.

தென்னிலங்கையின் காலி நகரிலே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலமுனையில் இக்கோட்டை அமைந்துள்ளது. 1588 இல் போர்த்துக்கீசர் இங்கே அரண் அமைக்கத் தொடங்கினர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிப் பெருமதில் எழுப்பினர். 1796 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை. பாடநூல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்லாத செய்தி ஒன்றுண்டு. இக்கோட்டை வெறும் இடிபாடுகளின் காட்சியகம் அன்று. மதிலுக்குள்ளே வீடுகள் உள்ளன, பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் உள்ளன, பாடசாலைகள் உள்ளன, பெருமரங்கள் நிழல் விரிக்கும் நீதிமன்றச் சதுக்கம் உள்ளது. மதிலின் மேல் ஆறுதலாக நடந்தால் ஒரு மணித்தியாலத்திற் சுற்றி வந்துவிடக்கூடிய சிறிய ஊர் அது. அவ்வூரின் குடிகளிற் கணிசமானோர் முஸ்லிம்கள். அவர்களுள் முதியவர்களின் வீட்டு மொழி தமிழ். ஆகவே, காலிக் கோட்டையைப்பற்றித் தமிழிலே பேசுவது அயல்வீட்டுக் கதை பேசுவதன்று.

இன்னும் பழைய உரிமை ஒன்றையும் இங்கே நினைவு கூரலாம். சீன நாட்டுக் கடற்றளபதி செங் ஹோ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காலியில் ஒரு கல்லை நாட்டுவித்தான். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளின் பட்டியலைச் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிலும் தாங்கி நின்ற அக்கல்லை, அந்நாளைய பொது அறிவித்தற் பலகை என்றே கொள்ளலாம். வந்து போகும் வணிகர் எல்லோரும் படித்து அறியட்டும் என்பதன்றோ மும்மொழியில் எழுதியதன் நோக்கம்? 1911 இல் அக்கல்லைக் கண்டெடுத்தபோது அது காலி நகரத்து மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. ஊர்ச் செய்தி எழுதிய கல்லுக்கே அக்கதியெனின், வாயாற் பேசிய செய்திக்கு என்ன கதி என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உண்டிச்சாலைக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலங்கைக்கு உலகச் செய்தி வந்து சேர்ந்த வாசல் காலித் துறைமுகமேயாகும். ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேயங்களுக்குச் சென்ற தபாற் கப்பல்கள் காலியிலே நங்கூரமிட்டன. பிரயாணிகள் கரைக்கு இறங்கினர். கோட்டைக்குள் வந்து உண்டு, உறங்கி, மாணிக்கக்கல்லும் பின்னற் சரிகையும் ஆமையோட்டுச் சீப்பும் வாங்கிக்கொண்டு கப்பலேறினர். ஒல்லாந்தர் 1684 இல் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று 1860களில் ஓரியன்டல் ஹோட்டல் எனப் பெயர் பெற்றது இந்தக் கூட்டத்தை நம்பியே. அதன் நீண்ட விறாந்தையிலே இருந்த பிரயாணியின் கையில் பல கிழமைகளுக்கு முந்திய இலண்டன் பத்திரிகை இருந்தது. அது பழைய பத்திரிகைதான். ஆயின், இந்தத் தீவிலே அதனினும் புதியது வேறில்லை.

கொழும்பிலே வெளிவந்த ஒப்சேவர் பத்திரிகையார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். காலிக்கும் கொழும்புக்கும் இடையே 72 மைல். குதிரை வண்டியில் வரும் தபாலுக்குக் காத்திருந்தால் செய்தி ஆறிவிடும். எனவே 1850 இல் அவர்கள் புறாக்களைப் பழக்கினர். கப்பல் கொண்டுவந்த செய்தியின் சாரத்தைச் சுமந்துகொண்டு புறா காலியிலிருந்து கொழும்புக்குப் பறந்தது. கிரைமியப் போர் நடைபெற்ற காலமும் அவ்வாண்டுகளுள் அடங்கும். 1858 இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. இக்கதையை வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் மாணவர் முகம் மலரக் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, புறா வழி தவறினால் என்ன செய்வார்கள் என்பதே. நல்ல கேள்விதான்.

காலியின் இந்தச் சிறப்பு நீடிக்கவில்லை. காலித் துறைமுகத்திலே மறைபாறைகள் மிகுதி, பருவக்காற்றும் கொடிது. 1875 இல் கொழும்பிலே அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1885 இல் அவ்வணை நிறைவெய்தியதும், கப்பல்கள் யாவும் கொழும்புக்குத் திரும்பிவிட்டன. 1894 இல் புகையிரதம் காலியை எட்டியபோது, அது ஒரு பெருந்துறைமுகத்திற்கு வரவில்லை. ஓய்வுபெற்ற ஒரு நகரத்திற்கே வந்தது. ஹோட்டலும் நியூ ஓரியன்டல் என்று பெயரிற் புதுமை பூண்டுகொண்டதே தவிர, அதன் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்தன. ஒரு பறங்கியர் குடும்பம் பல பத்தாண்டுகள் அதனைப் பொறுமையோடு நடத்தி வந்தது.

கப்பலிற் சென்ற வெளியுலகச் செய்தியின் இடத்தை ஊர்ச் செய்தி நிரப்பிற்று. கோட்டைக்குள் கச்சேரி இருந்தது, நீதிமன்றம் இருந்தது, சட்டத்தரணிகளின் அலுவலகங்கள் வீதிதோறும் இருந்தன. காலி மாவட்டத்தின் மூலை முடுக்குகளிலிருந்து வழக்காளிகள் காலை பஸ்சிலே வந்து இறங்கினர். காணி வழக்குக்கு வந்தவர், பங்கு வழக்குக்கு வந்தவர், தாபரிப்புக்கு வந்த பெண், சாட்சி சொல்ல வந்தவர், சாட்சி சொல்லாமலிருக்க வந்தவர் ஆகிய எல்லோருக்கும் பசித்தது. அப்பசியை ஆற்ற எழுந்தவையே கோட்டையின் தேநீர்க் கடைகளும் சோற்றுக் கடைகளும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப்பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டிலே பலகையில் ஹோட்டல் என்று எழுதியிருந்தால், அங்கே சோறும் கறியும் கிடைக்கும் என்பதே பொருள். படுக்கை கிடைக்கும் என்பது பொருளன்று. அயல்நாட்டவர் ஒருவர் பெட்டியும் கையுமாக இத்தகைய ஹோட்டல் ஒன்றினுள் நுழைந்து அறை கேட்க, முதலாளி திகைத்து நின்ற காட்சியை நான் நேரிற் கண்டிருக்கிறேன். இன்று கோட்டையிலே நிலைமை மறுதலையாகிவிட்டது. ஹோட்டல் என்ற பலகை உள்ள இடத்தில் அறைதான் உண்டு. சோறு கேட்டால், திகைப்பது பரிசாரகன்.

1990களின் நடுப்பகுதியிலே, ஆசிரிய நியமனம் பெற்ற புதிதில், காலிக்கு மாற்றலாகிச் சென்றேன். அவ்வூரில் எனக்கு அறிமுகமானவர் ஒருவருமிலர். பஸ்சிலிருந்து இறங்கி, கோட்டை வாயிலைக் கடந்து, கண்ணிற்பட்ட முதலாவது தேநீர்க் கடையிலே பெட்டியை வைத்துவிட்டு அமர்ந்தேன். ஓடு வேய்ந்த பழைய வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு நீள வாங்குகள், கண்ணாடிப் பெட்டியில் ரொட்டியும் மீன் பாணும், சுவரிலே மெக்காப் பள்ளியின் படம், அதன் கீழே ஒரு வானொலிப் பெட்டி. கடைக்காரர் அறுபதை அணுகியவர்; எல்லோரும் அவரை நானா என்றே அழைத்தனர். பிளேன் டீயை மேசையில் வைத்த கையோடு, "மாஸ்டரா?" என்று கேட்டார். எப்படி அறிந்தீர்கள் என்றேன். "பெட்டி பாரமா இருக்கு, சப்பாத்து பழசா இருக்கு. மாஸ்டர்தான்" என்றார். அடுத்த கேள்வி, எங்கே தங்கப் போகிறீர்கள் என்பது. அரை மணித்தியாலத்தினுள், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரின் வீட்டு முன்னறை எனக்கு வாடகைக்குக் கிடைத்துவிட்டது. அவ்வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் பின்னர் எனக்குப் பெற்றோர் போலாயினர். அவ்வம்மையாரை நான் உம்மா என்றே அழைத்து வந்தேன்.

அக்கடை உணவாற் சிறந்ததன்று. தேநீரிலே சீனி அதிகம். ரொட்டி சில நாட்களில் தோல் போலிருக்கும். ஆனால், காலையில் அரை மணித்தியாலம் அங்கே இருந்தால் கோட்டையின் அன்றைய நிலவரம் முழுவதும் தெரிந்துவிடும். நீதிமன்றத்திலே எந்த வழக்குத் தவணை போடப்பட்டது, எந்தச் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வருகிறார், மீன் சந்தையில் இன்று பாரை மீன் வந்ததா, எந்த வீட்டுக் கூரையில் மரம் அரித்துவிட்டது, யாருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், கச்சேரியில் எந்தக் கோப்பு எந்த மேசையிற் கிடக்கிறது என்பனவெல்லாம் வாங்கின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்து செல்லும். சிங்களத்திற் தொடங்கிய பேச்சுத் தமிழில் முடியும். நீதிமன்ற முதலியார் ஒரு பக்கம், மரக்கறி வண்டிக்காரர் மறு பக்கம். நேயர்களுக்கு நன்கு பழக்கமான மரண அறிவித்தல் வானொலியில் வரும் வேளையில் நானா கையை உயர்த்துவார். கடை முழுவதும் அடங்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காலமான ஒருவரின் பெயரை, அவரை ஒருபோதும் கண்டிராத காலிவாசிகள் அவ்வளவு மரியாதையாகக் கேட்பார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அங்கே பேசப்பட்டவை யாவும் மெய்யெனச் சொல்ல மாட்டேன். வீண்பழியும் அங்கே பிறந்தது. ஓர் ஆசிரியையின் பெயர் காரணமின்றி அவ்வாங்கிலே இழுபட்டதையும் நான் அறிவேன். பெண்கள் அங்கே அமர்வதில்லை. ஆகவே ஊரின் ஒரு பாதியைப்பற்றி மறு பாதிதான் பேசியது. இக்குறைகளை மறைத்துவிட்டுப் பழங்காலத்தைப் புகழ்வது நேர்மையன்று.

மாற்றம் எப்பொழுது தொடங்கிற்று? 1956 ஐ அடுத்த ஆண்டுகளில் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோதே கோட்டையின் வீடுகள் கைமாறத் தொடங்கிவிட்டன. ஆயினும், அப்பொழுது வாங்கியவரும் குடியிருக்கவே வாங்கினார். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதை அடுத்து வந்த மாற்றம் வேறு வகையானது. அயல்நாட்டவரும் கொழும்புச் செல்வரும் வந்து, முற்றமும் தூண்களும் உள்ள ஒல்லாந்தர் காலத்து வீடுகளைக் கண்டு வியந்து வாங்கினர். அவற்றுட் பல விருந்தினர் விடுதிகளாயின. நியூ ஓரியன்டல் ஹோட்டலும் அக்காலத்தையொட்டிப் புதிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, புதுப்பிக்கப்பெற்று, அமங்கல்ல என்னும் பெயரைப் பூண்டது. 2007 இல் காலி இலக்கிய விழா தொடங்கிற்று. 2011 இல் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டதும், கொழும்புக் குடும்பமொன்று காலையிற் புறப்பட்டுக் கோட்டையிற் பகலுணவு உண்டு மாலையில் வீடு திரும்புவது எளிதாயிற்று. 2014 இல் ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடம் கடைகளும் உணவகங்களும் கொண்ட தொகுதியாகத் திறக்கப்பட்டது. நோயாளருக்குக் கஞ்சி வார்த்த மண்டபத்திலே இன்று கடற்காற்றோடு நண்டுக் கறி பரிமாறப்படுகின்றது. அதே 2014 இலேயே, அயல்நாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 38ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. ஆயின், அதற்குள் பெட்லர் வீதியும் சேர்ச் வீதியும் முகம் மாறிவிட்டிருந்தன.

இம்மாற்றத்தின் உள்ளியக்கத்தைச் சற்றே விளக்குதல் வேண்டும். மரபுரிமைச் சட்டங்கள் கட்டடத்தைக் காக்கின்றன. ஓடு மாற்றவும், சாளரம் பெயர்க்கவும், முகப்பைத் திருத்தவும் அனுமதி வேண்டும். அது நன்றே. அச்சட்டங்கள் இல்லையேல், காலிக் கோட்டையிலே இன்று கண்ணாடிச் சுவர்கள்தாம் நின்றிருக்கும். ஆனால், கூரையைக் காக்கும் சட்டம் கூரையின் கீழே விற்கப்படும் தேநீரின் விலையைக் காப்பதில்லை. சட்டப்படி பழைய முறையில் திருத்துவதற்குப் பணம் அதிகம் வேண்டும். நல்ல மரம் வேண்டும். சுண்ணாம்புச் சாந்து அறிந்த கொத்தன் வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்தால் அது இயலாது. விடுதி நடத்துபவரால் இயலும். வீட்டின் பெறுமதி உயர உயர, முன்னறையின் வாடகையும் உயர்கின்றது. அந்த வாடகையை ஐந்து சதமும் பத்துச் சதமுமாகச் சேர்த்த பிளேன் டீயின் இலாபத்தாற் கட்டிவிட முடியாது. கோட்டையின் புதிய கபே ஒன்றிலே ஒரு கோப்பை கோப்பி அருந்தும் பணத்திற்கு வெளியே இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கலாம். எழுதுவினைஞர் எதனை வாங்குவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதில் எவரையும் பழி சொல்வதற்கில்லை. விற்றவருக்குப் பிள்ளைகளின் படிப்பு இருந்தது. வாங்கியவர் இடிந்துவிழ இருந்த வீட்டைத் தாங்கி நிறுத்தினார்.

நன்மையும் சிறிதன்று. முன்னாளில் ஆமையோட்டுச் சீப்பு விற்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அயல்நாட்டவருக்குச் சமையற் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். உம்மாமாரின் வட்டிலப்பம், அடுக்களையை விட்டு வீதிக்கு வந்து, தனக்கென ஒரு விலையைப் பெற்றிருக்கின்றது. தேநீர்க் கடை வாங்கில் அமர முடியாதிருந்த பெண்கள் கபேயின் பணப்பெட்டியருகே அமர்ந்திருக்கிறார்கள். இவற்றை நான் மகிழ்ச்சியோடுதான் காண்கிறேன். என் பழைய மாணவி ஒருத்தி அத்தகைய உணவகம் ஒன்றை மேற்பார்வை செய்கிறாள். நான் சென்றால் பணம் வாங்க மறுப்பாள். அதனாலேயே நான் அங்கே செல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

எனினும், ஒன்றை நான் மறக்க முடியாது. 2017 ஆம் ஆண்டு ஒரு கல்விக் கூட்டத்திற்காகக் காலிக்குச் சென்றிருந்தேன். கூட்டம் நண்பகலுக்கு முன்னரே முடிந்துவிட்டது. பழைய நினைவிலே கோட்டைக்குள் நடந்தேன். நானாவின் கடை இருந்த முன்னறை அப்பொழுது அழகிய உணவகமாயிருந்தது. அதே ஓடு, அதே கதவு. உள்ளே வெள்ளைச் சுவரும் பிரம்பு நாற்காலிகளும். ஒரு தேநீர் கேட்டேன். பணிவு மிக்க இளைஞன் ஒருவன், ஐந்து வகைத் தேயிலையின் பெயர் எழுதிய அட்டையைக் கொணர்ந்தான். அவன் ஊர் காலியன்று. வேலைக்காக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அடுத்த மேசையிலே வேற்று நாட்டுத் தம்பதியர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு மணித்தியாலம் அமைதியாக அமர்ந்திருந்துவிட்டு, வெயில் தணிந்ததும் பஸ் ஏறினேன். உம்மாவைப் பார்க்கலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். பகல் உறக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு கிழமைக்குப் பின்னரே எனக்குத் தெரிய வந்தது. அன்று காலையிலேதான் உம்மா காலமாகியிருந்தார். முஸ்லிம்களின் வழக்கப்படி அன்று மாலையே நல்லடக்கம் முடிந்துவிட்டது. நான் தேநீர் அருந்திய இடத்திற்கும் அந்த வீட்டிற்கும் இடையே இருந்தது ஒரு வீதித் திருப்பம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலே அறிவித்திருப்பார்கள். நான் கோட்டைக்குள் நுழையுமுன் அது முடிந்திருக்கும். நானாவின் கடையாக இருந்திருப்பின், நான் வாசற்படியில் கால் வைக்குமுன்னரே, "மாஸ்டர், உம்மா மவுத்து" என்று எழுந்து வந்து சொல்லியிருப்பார்கள். அந்த இளைஞன் மீது எனக்குக் குறையில்லை. அவனுக்கு என்னையும் தெரியாது, உம்மாவையும் தெரியாது. அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

இக்காலத்திலே கைத்தொலைபேசி உண்டே, வாட்ஸப் குழுக்கள் உண்டே என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. கோட்டைவாசிகளின் இளைய தலைமுறையினர் அவற்றின் வாயிலாகவே செய்தி பரிமாறுகின்றனர். கனடாவிலும் கட்டாரிலும் இருக்கும் பிள்ளைக்குக்கூட ஒரு நொடியிற் செய்தி எட்டிவிடுகின்றது. ஆனால், குழுவிலே சேர்க்கப்பட்டவருக்கு மட்டுமே அச்செய்தி சேரும். பஸ்சிலிருந்து இறங்கிப் பெட்டியோடு வந்து நிற்கும் அந்நியனுக்கு அது சேராது. வாங்கிலே இடம் பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு பிளேன் டீயின் விலை போதும்.

செய்தி நகர்வதற்கு இன்னோர் இடம் கோட்டைக்கு எஞ்சியிருக்கின்றது. அது மதிலின் உச்சி. மதிலுக்கு அப்பால் காலி விளையாட்டரங்கு. 2010 யூலை 22 இல் முத்தையா முரளிதரன் தம்முடைய 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை அங்கேதான் வீழ்த்தினார். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை விளையாட்டரங்கையும் பஸ் நிலையத்தையும் விழுங்கியபோது, ஒல்லாந்தரின் மதில் உள்ளூரைப் பெரிதும் காத்தது. மதிலின் மேல் நின்றவர்கள் கீழே நடந்த அழிவைக் கண்ணாற் கண்டார்கள். 2022 யூலை 9 இல், அவுஸ்திரேலிய அணி அங்கே டெஸ்ட் ஆடிக்கொண்டிருக்க, நாட்டின் பொருளாதார நெருக்கடியால் வெகுண்ட மக்கள் அதே மதிலின் மேல் நின்று கோஷமிட்டனர். அக்காட்சியை உலகம் முழுவதும் தொலைக்காட்சியிற் கண்டது.

அந்த ஆண்டுகள் உணவகங்களைப் பாடாய்ப்படுத்திவிட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் உல்லாசப் பயணிகள் வருவது குன்றிற்று. 2020 இல் கொள்ளைநோய் வந்து விமான நிலையமே மூடப்பட்டது. 2022 இல் சமையல் எரிவாயு கிடைக்கவில்லை. கோட்டையின் பிரம்பு நாற்காலிகள் கவிழ்த்து வைக்கப்பட்டன. வெளியூரிலிருந்து வருவோரை மட்டும் நம்பிய உண்டிச்சாலைக்கு, வருவோர் நின்றுவிட்டால் வேறு வழியில்லை. 1885 இல் கப்பல்கள் திரும்பிவிட்டபோது ஓரியன்டல் ஹோட்டலுக்கு நேர்ந்ததும் இதுவேயன்றோ? அன்று கோட்டையைத் தாங்கியவர்கள் வழக்குக்கு வந்த நாட்டுப்புறத்தாரும் கச்சேரி எழுதுவினைஞரும். நீதிமன்றங்களையும் அலுவலகங்களையும் கோட்டைக்கு வெளியே கொண்டு செல்வது நன்று என்று சிலர் காலத்துக்குக் காலம் சொல்லி வருகின்றனர். வாகன நெரிசல் குறையுமாம். குறையும், ஐயமில்லை. ஆயின், பகல் 12 மணிக்குப் பசியோடு வெளியே வரும் உள்ளூர்வாசியும் அத்தோடு குறைந்துவிடுவார். அத்திட்டத்தைத் தீட்டுவோர் சோற்றுப் பார்சலையும் தங்கள் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஏனெனில், பார்சல் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அண்மையிற் கோட்டைக்குச் சென்றபோது, பெரிய வீதிகளை விட்டு ஒதுங்கிய ஒரு சிறு தெருவிலே, வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் வரிசையாக நிற்கக் கண்டேன். உள்ளே ஓர் அம்மையார், முன்கதவின் கீழ்ப்பாதியைச் சாத்தி, மேற்பாதியின் வழியே சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். பலகை ஏதும் இல்லை. பாடசாலைச் சிற்றூழியர் ஒருவர், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்ட இளஞ் சட்டத்தரணி ஒருவர், விடுதிகளிற் பணிபுரியும் இளைஞர் இருவர் என வரிசை நின்றது. தாங்கள் பரிமாறும் உணவைத் தாங்கள் வாங்கி உண்ண இயலாத அவ்விளைஞர்களும் அங்கேதான் பகலுணவு பெறுகின்றனர் என்பது அப்பொழுதே எனக்கு விளங்கிற்று. திண்ணையோரம் பழைய வாங்கு ஒன்று கிடந்தது. அதில் எனக்கு இடம் விட்டார்கள்.

பத்து நிமிடத்தில் நான் கேட்டவை இவை: அன்று காலை மூன்று வழக்குகளுக்குத் தவணை, மதிலோர வீதியிலே நீர்க்குழாய் உடைந்து இரண்டு நாள், பள்ளிவாசற் பக்கத்து வீட்டிலே முன்னறை வாடகைக்கு உண்டு, ஆனால் உள்ளூராருக்குத்தான். பின்னர் அவ்வம்மையார் பார்சலைக் கட்டிக்கொண்டே என்னை உற்று நோக்கி, "அந்த எழுதுவினைஞர் வீட்டில் இருந்த மாஸ்டர்தானே?" என்று வினவினார். ஆம் என்றேன். உம்மாவின் மூத்த மகன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருப்பதாகவும், மாமியார் வீட்டிலே தங்கியிருப்பதாகவும், நாளைக் காலையிற் புறப்பட இருப்பதாகவும் சொன்னார். பார்சலை வாங்கிக்கொண்டு, அவர் காட்டிய வழியே நடந்தேன்.